நாலு பக்கம் போதாது: சேலத்தில் மனை அளக்கப் போகிறவருக்கு

பத்திரத்தில் நாலு பக்க அளவும் தெளிவாக எழுதியிருக்கிறது, அப்புறம் என்ன என்றுதான் புதிதாக இடம் வாங்குகிறவர்கள் நினைக்கிறார்கள். நாலு பக்கம் தெரிந்தால் சுற்றளவு தெரியும். கம்பி வேலிக்கு எத்தனை கல்லுக்கால், எத்தனை ரோல் கம்பி என்று கணக்குப் போட அது போதும். பரப்பளவு அதில் கிடைக்காது. வடிவமும் கிடைக்காது. பழைய கயிற்றுக் கட்டிலின் கயிறு தளர்ந்தால் சட்டம் ஒரு பக்கமாகச் சாயும். நாலு சட்டத்தின் நீளமும் அப்படியேதான் இருக்கும், ஆனால் படுக்கிற இடம் குறைந்துவிடும். மனையும் அதே கதைதான். முக்கோணத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. மூன்று பக்கம் சொன்னால் அதற்கு ஒரே வடிவம்தான். நாற்கரத்துக்கு ஐந்தாவதாக ஓர் அளவு வேண்டும், அதுதான் மூலைவிட்டம். 1150 வாக்கில் லீலாவதி என்ற கணக்கு நூலை எழுதிய பாஸ்கராச்சாரியாருக்கு இதில் கோபமே வந்திருக்கிறது. குத்துயரமோ மூலைவிட்டமோ சொல்லாமல் நாற்கரத்தின் பரப்பைக் கேட்பவன் பிசாசு என்கிறார். அதற்குப் பதில் சொல்பவனையும் அவர் விடவில்லை.

சூரமங்கலம், கன்னங்குறிச்சி, கொண்டலாம்பட்டி, அயோத்தியாப்பட்டணம் பக்கம் மனை பார்க்கிறவர்களையும், மேலே ஏற்காட்டில் சின்னதாக ஓர் இடம் தேடுகிறவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஒன்பதாம் வகுப்புக் கணக்குக்கு மேல் இதில் எதுவும் இல்லை.

முதலில் பத்திரத்தைப் படியுங்கள்

சொத்து விவரம் இருக்கும் பக்கத்தைத் திறந்தால் இப்படி ஒரு வரி இருக்கும்: "கிழமேல் வடபுறம் 41 அடி, கிழமேல் தென்புறம் 45 அடி, தென்வடல் கீழ்புறம் 51 அடி 7 அங்குலம், தென்வடல் மேல்புறம் 40 அடி." கிழமேல் என்றால் கிழக்கு மேற்காக ஓடும் நீளம். தென்வடல் என்றால் தெற்கு வடக்காக ஓடும் நீளம். அடுத்து வரும் புறம், அந்தக் கோடு மனையின் எந்த ஓரத்தில் இருக்கிறது என்று சொல்கிறது. ஆக "கிழமேல் வடபுறம்" மனையின் வடக்கு ஓரம். இருபுறமும் ஒரே அளவாக இருந்தால் "கிழமேல் இருபுறமும் 30 அடி" என்று சுருக்கிவிடுவார்கள்.

அதற்கு மேலே செக்குபந்தி இருக்கும், அதாவது நான்கெல்லை. புதியவர்கள் தலைகீழாகப் புரிந்துகொள்வது இதைத்தான். "இன்னார் காட்டுக்கு வடக்கு" என்று எழுதியிருந்தால் அவர் காடு நமக்கு வடக்கே இல்லை, தெற்கே இருக்கிறது. அவர் காட்டுக்கு வடக்கே இருப்பது நம் மனை. (காடு என்றதும் மரத்தைத் தேட வேண்டாம். இந்தப் பக்கம் மேட்டு நிலம் எல்லாமே காடுதான்.) நாலு எல்லையையும் ஒரு தாளில் இப்படித் திருப்பிக் குறித்துக்கொண்டு இடத்துக்குப் போங்கள்.

இன்னொன்று, "40.6 அடி" என்று தட்டச்சு செய்திருந்தால் அது 40 அடி 6 அங்குலமா, நாற்பதும் பத்தில் ஆறுமா என்று கேட்டுவிடுங்கள். 40 அடி 6 அங்குலம் கால்குலேட்டரில் 40.5. அங்குலத்தைப் பன்னிரண்டால் வகுத்துத்தான் தசமத்தில் போட வேண்டும். தாய்ப் பத்திரத்தில் அங்குலமாக இருந்தது, பின்னால் வந்த பத்திரங்களில் புள்ளியாக மாறியிருப்பதை நிறையவே பார்க்கலாம்.

வடிவத்தின் பெயர்

பள்ளியில் படித்த பெயர்கள் இங்கே உண்மையிலேயே வேலைக்கு ஆகும். ஆனால் இடத்தில் நிற்கும்போது வரையறையை விட, டேப்பை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் தேவை.

எதிர்ப்பக்கங்கள் சமம், இரண்டு மூலைவிட்டமும் சமம் என்றால் அது செவ்வகம். அதிலேயே நாலு பக்கமும் சமமாகிவிட்டால் சதுரம். எதிர்ப்பக்கங்கள் சமம், ஆனால் ஒரு மூலைவிட்டம் நீளம், மற்றது குட்டை என்றால் இணைகரம். விற்கிறவர் "செவ்வகம்தாங்க" என்று சொல்லும் மனைகளில் கணிசமானவை இந்த வகை. நாலு பக்கமும் சமமாக இருந்து மூலைவிட்டங்கள் மட்டும் வேறுபட்டால் சாய்சதுரம், மனைகளில் அபூர்வம்.

இரண்டு பக்கம் மட்டும் இணையாக ஓடி, மற்ற இரண்டும் விரிந்தோ குறுகியோ போனால் சரிவகம். ரோடு சாய்வாக வெட்டிப் போகும் கார்னர் மனைகளிலும், லேஅவுட்டின் கடைசி வரிசையிலும் இதுதான் கிடைக்கும். முன்பக்கம் 30, பின்பக்கம் 24, நடுவில் செங்குத்துத் தூரம் 40 என்றால் பரப்பு (30 + 24) ÷ 2 × 40 = 1080 சதுரடி. இங்கே 40 என்பது செங்குத்தாக அளந்தது. பக்கச் சுவரோரமாகச் சாய்வாக அளந்த நீளத்தை அந்த இடத்தில் போடக் கூடாது.

இதில் ஒரு பொறி உண்டு. மூலைவிட்டங்கள் சமமாக இருந்தாலே செவ்வகம் என்று சிலர் முடிவு கட்டிவிடுவார்கள். இருசமபக்கச் சரிவகத்திலும் மூலைவிட்டங்கள் சமமாகத்தான் வரும். எதிர்ப்பக்கங்களும் சமமா என்று சேர்த்துப் பார்த்த பிறகே செவ்வகம் என்று சொல்லலாம்.

இந்த எந்தப் பெயரிலும் அடங்காத கோணல் மனை என்றால் வெறும் நாற்கரம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். கணக்கு அதற்கும் உண்டு.

டேப் பிடிப்பது

இரண்டு பேர் வேண்டும், நூறடி டேப் வேண்டும், நாலு முளைக்குச்சியும் நைலான் நூலும் வேண்டும். எல்லாம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்து ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். ஃபைபர் டேப்பை இழுத்தால் கொஞ்சம் நீளும். ஸ்டீல் டேப் கிடைத்தால் அதுவே நல்லது. டேப்பின் முனையை ஒரு தடவை உற்றுப் பாருங்கள். சில டேப்பில் பூஜ்யம் வளையத்தின் வெளி ஓரத்திலிருந்தே தொடங்கும், சிலவற்றில் சற்று உள்ளே தள்ளி இருக்கும். இதைக் கவனிக்காவிட்டால் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே தவறு ஏறும்.

எல்லைக்கல் நாலும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். முள்செடிக்குள் புதைந்திருக்கும், கடப்பாரையால் கீறித்தான் எடுக்க வேண்டியிருக்கும். கல்லின் எந்த முனையிலிருந்து அளக்கிறீர்களோ, நாலு கல்லிலும் அதே முறையில் அளக்க வேண்டும், பொதுவாகக் கல்லின் நடு. கல் இல்லாத மூலையை விற்கிறவர் காலால் காட்டுவார். அந்த மூலையை வட்டமிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அது சர்வேயர் வந்து சொல்ல வேண்டிய மூலை.

வடமேற்கு மூலையில் தொடங்கிச் சுற்றி வந்து நாலு பக்கத்தையும் அளந்து எழுதுங்கள். பிறகு குறுக்காக இரண்டு மூலைவிட்டம். கொத்தனாரிடம் மூலைவிட்டம் என்றால் ஒரு நொடி யோசிப்பார், "மூலைக்கு மூலை பிடிங்க" அல்லது "கிராஸ் பாருங்க" என்றால் உடனே நடக்கும். நூலைத் தரையில் தொய்ய விடாமல் இழுத்துக் கட்ட வேண்டும்.

நடுவில் பழைய கொட்டகையோ மரமோ மறித்து மூலைக்கு மூலை பிடிக்க முடியாவிட்டால் வழி இருக்கிறது. ஒரு மூலையிலிருந்து இரண்டு பக்கமும் 20 அடி தள்ளிக் குறி வையுங்கள். இரண்டு குறிக்கும் நடுவில் அளவு 28 அடி 3½ அங்குலம் வந்தால் அந்த மூலை செங்கோணம். அதைவிடக் குறைந்தால் குறுங்கோணம், கூடினால் விரிகோணம். இந்த அளவையும் நாலு பக்கத்தையும் வைத்துக்கொண்டு கிராஃப் தாளில் 1 செ.மீ.க்கு 5 அடி என்று காம்பஸால் வரைந்தால், மூலைவிட்டத்தைத் தாளிலேயே அளந்துவிடலாம்.

கணக்கு

முன்னே சொன்ன பத்திர அளவையே எடுத்துக்கொள்வோம்: வடக்கு 41, கிழக்கு 51 அடி 7 அங்குலம், தெற்கு 45, மேற்கு 40. ஊர் வழக்கப்படி கிழமேல் இரண்டையும் கூட்டிப் பாதி 43, தென்வடல் இரண்டையும் கூட்டிப் பாதி 45.8, பெருக்கினால் சுமார் 1969 சதுரடி. பத்திரத்திலும் அதுதான் ஏறியிருக்கும். இந்தச் சராசரி முறை செவ்வகத்துக்கு மட்டுமே சரி. மற்ற எந்த நாற்கரத்துக்கும் உள்ளதைவிடக் கூடுதலாகத்தான் காட்டும், ஒருபோதும் குறைத்துக் காட்டாது. விற்கிறவருக்கு ஏன் இந்த முறை பிடிக்கிறது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது வடமேற்கு மூலையிலிருந்து தென்கிழக்கு மூலைக்கு அளந்தால் 70 அடி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மனை இரண்டு முக்கோணமாகப் பிரிந்துவிட்டது. வடகிழக்கு மூலையில் ஒருவர் டேப்பின் முனையைப் பிடித்து நிற்க, இன்னொருவர் மூலைவிட்ட நூலின் மேல் டேப்பை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்க வேண்டும். அளவு குறைந்துகொண்டே வந்து, ஓர் இடத்தில் திரும்பக் கூட ஆரம்பிக்கும். அந்த மிகக் குறைந்த அளவுதான் செங்குத்துத் தூரம், இங்கே 30 அடி. தென்மேற்கு மூலையிலிருந்து அதே மாதிரி பார்த்தால் 24 அடி. இரண்டையும் கூட்டி, மூலைவிட்டத்தால் பெருக்கிப் பாதியாக்குங்கள்: ½ × 70 × (30 + 24) = 1890 சதுரடி. பத்திரக் கணக்குக்கும் இதற்கும் 79 சதுரடி வித்தியாசம். சதுரடி விலையால் அதைப் பெருக்கிப் பார்த்தால் டேப் வாங்கிய காசு பெரிதாகத் தெரியாது.

செங்குத்துத் தூரம் பார்க்க இடம் தோதுப்படவில்லை என்றால் பக்கங்களை வைத்தே போடலாம். தெற்கு முக்கோணத்தின் பக்கங்கள் 45, 40, 70. கூட்டினால் 155, பாதி 77.5. அந்தப் பாதியிலிருந்து மூன்று பக்கத்தையும் தனித்தனியாகக் கழித்தால் 32.5, 37.5, 7.5. நாலு எண்ணையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 842. வடக்கு முக்கோணத்துக்கும் அதே வழியில் 1048 வரும். கூட்டினால் மறுபடி 1890 பக்கம்தான். இரண்டு வழியிலும் ஒரே விடை வருவது நீங்கள் சரியாக அளந்திருக்கிறீர்கள் என்பதற்கு நல்ல சாட்சி.

மனையின் ஒரு மூலை உள்வாங்கியிருந்தால் (கிணறோ பாறையோ இருந்த இடத்தில் அப்படி ஆகும்) மனைக்குள்ளேயே முழுதும் விழுகிற மூலைவிட்டத்தைத்தான் எடுக்க வேண்டும். மற்றது வெளியே ஓடும்.

முப்பதுக்கு நாற்பது

லேஅவுட்டில் அதிகம் விற்பது 30க்கு 40, ஆயிரத்து இருநூறு சதுரடி. இதன் மூலைவிட்டம் சரியாக 50 அடி. கொத்தனார்கள் மூலைமட்டம் பார்க்கப் பயன்படுத்தும் 3-4-5 கணக்கின் பத்து மடங்குதான் இது. நூல் பிடித்ததும் "எவ்வளவுங்க வருது?" என்று கேளுங்கள்.

"நாப்பத்தாறுங்க."

"அந்தப் பக்கம்?"

"அம்பத்து மூணேமுக்கால் இருக்குமுங்க. இடம் கொஞ்சம் கிராஸ் அடிக்குது."

மூலைவிட்டம் 46 என்றால் பரப்பு சுமார் 1184 சதுரடி. இழப்பு பதினாறு சதுரடிதான். இதற்காகவா இவ்வளவு பேச்சு என்று தோன்றும். ஆனால் வீடு சாய்வாகக் கட்ட மாட்டோம். 40 அடிப் பக்கம் செங்குத்திலிருந்து 6.4 அடி தள்ளிப் போயிருக்கிறது. ரோட்டுக்கு இணையாக, 30 அடிப் பக்கத்தோடு ஒட்டி, முன்னிலிருந்து பின்வரை நேர்மூலையாக ஒரு கட்டடம் போட்டால் அதற்குக் கிடைக்கும் அகலம் 23.6 அடி மட்டுமே. சட்டப்படி விட வேண்டிய பக்க இடைவெளி அதற்குப் பிறகுதான். இரண்டு ஓரத்திலும் முக்கோணமாக மிச்சமாகும் இடத்தில் செம்பருத்தி வைக்கலாம், பைக் நிறுத்தலாம், படுக்கையறை வராது. பரப்பைவிட வடிவம் முக்கியம் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். விலை பேசும்போதும் பதினாறு சதுரடியைப் பேசாதீர்கள், 23.6 அடியைப் பேசுங்கள்.

இரண்டு மூலைவிட்டங்களுக்கும் மூன்று அங்குலம் வித்தியாசம் என்றால் மனையின் சாய்வு இரண்டரை அங்குலம்தான் இருக்கும். அதற்காக யாரோடும் மல்லுக்கு நிற்க வேண்டாம்.

சென்ட், ஏர்

1 சென்ட் 435.6 சதுரடி, 100 சென்ட் 1 ஏக்கர். அந்தக் கோணல் எண் எங்கிருந்து வந்தது என்றால், வெள்ளைக்காரர் காலத்து கன்டர் சங்கிலி 66 அடி நீளம். 66 × 66 = 4356 சதுரடி, அது பத்து சென்ட். நிலத்தை வயல்வயலாக அளந்து உழுகிறவர் பெயரிலேயே தீர்வை போடும் ரயத்துவாரி ஏற்பாடு, 1792க்குப் பிறகு கேப்டன் ரீடும் தாமஸ் மன்றோவும் பாராமஹால், சேலம் சீமையில்தான் தொடங்கி வைத்தார்கள். அளவுச் சண்டைக்கு இந்த ஊரில் வயது அதிகம்.

நம் 1890 சதுரடி 4.34 சென்ட். பட்டாவில் சென்ட் இருக்காது, ஹெக்டேரும் ஏரும் இருக்கும். 1 ஏர் என்பது 100 சதுர மீட்டர், அதாவது 2.47 சென்ட். "0 - 12.50" என்றிருந்தால் ஹெக்டேர் பூஜ்யம், ஏர் பன்னிரண்டரை, கிட்டத்தட்ட 30.9 சென்ட். இதைப் பன்னிரண்டரை சென்ட் என்று படித்துக் குழம்பியவர்கள் உண்டு. சதுர மீட்டரைச் சதுரடியாக்க 10.764ஆல் பெருக்குங்கள். சென்னைக்காரர்கள் கிரவுண்ட் என்பார்கள், 2400 சதுரடி. இங்கே அந்தப் பேச்சு எடுபடாது.

மலையில் அளப்பது

கோரிமேடு தாண்டி இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிவிட்டால் கணக்கில் இன்னொரு சங்கதி சேர்ந்துகொள்கிறது. நிலத்தின் பரப்பு என்பது கிடைமட்டப் பரப்பு. ஆவணத்தில் இருப்பதும் சர்வேயர் கணக்கிடுவதும் மேலிருந்து பார்த்தால் தெரிகிற அளவு. சரிவோடு டேப்பைப் படுக்கப் போட்டு அளந்தால் நீளம் கூடும். நாகலூர், மஞ்சக்குட்டைப் பக்கம் காபிச் செடிக்கு நடுவே இடம் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் சரிவோடுதான் டேப் பிடிப்பார்கள். அதில் சூது இருக்க வேண்டியதில்லை, அப்படிப் பிடிப்பதுதான் சுலபம்.

சரிவோடு 50 அடி, மேல் முனைக்கும் கீழ் முனைக்கும் உயர வித்தியாசம் 14 அடி என்றால் கிடைமட்ட நீளம் 48 அடிதான். 50ஐ வர்க்கமாக்கி 14இன் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் வந்துவிடும். குறுக்கே 40 அடி என்றால் 2000 சதுரடி என்று சொல்லப்பட்ட இடம் 1920 ஆகிறது.

உயர வித்தியாசம் பார்க்கக் கொத்தனாரின் டியூப் லெவல் போதும். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பி, உள்ளே காற்றுக் குமிழி இல்லாமல் பார்த்துக்கொண்டு, இரண்டு முனையையும் இரண்டு கம்பில் பிடித்தால் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். தண்ணீர் மட்டத்திலிருந்து தரை வரை இரண்டு பக்கமும் அளந்து கழித்தால் அதுதான் வித்தியாசம்.

சரிவு ஒரே சீராக இல்லாமல் படிக்கட்டுப் போல் இருந்தால் இந்தக் கணக்கு உதவாது. படிப்படியாக இறங்கி அளக்க வேண்டும். மேலே நிற்பவர் டேப்பின் முனையைத் தரையில் வைக்க, கீழே நிற்பவர் டேப்பைக் கிடைமட்டமாகத் தூக்கிப் பிடித்துப் பத்தடிக் குறியிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிடுவார். குண்டு தொட்ட இடத்தில் முளை. அங்கிருந்து அடுத்த பத்தடி. நேரம் பிடிக்கும், பனி இறங்கிவிட்டால் குண்டு தெரியாது, ஆகவே காலையிலேயே போய்விடுங்கள். சில்வர் ஓக் வரிசை மூலைவிட்டத்தை மறிக்கும் இடங்களில் முன்னே சொன்ன இருபதடிக் குறி முறையே கைகொடுக்கும், அதையும் கிடைமட்டமாகத்தான் அளக்க வேண்டும். மலைப்பகுதியில் வாங்கவும் கட்டவும் உள்ள விதிகள் தனி, அவற்றைத் தெரிந்தவரிடம் தனியாகக் கேளுங்கள்.

புலப்படத்தோடு ஒப்பிடுவது

சர்வே எண், உட்பிரிவு எண் தெரிந்தால் அரசின் நில ஆவண இணையச் சேவையில் பட்டாவோடு புலப்படத்தையும், அதாவது நிலத்தின் அளவுகள் குறித்த வரைபடத்தையும் எடுக்கலாம். எஃப்எம்பி என்றால்தான் சர்வேயர் அலுவலகத்தில் எல்லோருக்கும் புரியும். அதில் நிலத்துக்குள்ளே கோடு இழுத்து முக்கோணங்களாகப் பிரித்திருப்பார்கள். அந்த உள்கோட்டை ஜி லைன் என்பார்கள், வெளி எல்லைக் கோடு எஃப் லைன். ஜி லைனிலிருந்து வளைவுகளுக்குச் செங்குத்தாக எடுத்த அளவு ஆஃப்செட். நீங்கள் மூலைவிட்டமும் செங்குத்துத் தூரமும் எடுத்தீர்களே, அதுவேதான். எல்லா அளவும் மீட்டரில் இருக்கும், 3.281ஆல் பெருக்கினால் அடி. பிரிண்ட் எடுத்த தாளின் மேல் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள். தாளுக்குத் தக்கபடி படம் சுருங்கியிருக்கும். எழுதியிருக்கும் எண்ணை மட்டும் நம்புங்கள். லேஅவுட் மனையாக இருந்து இன்னும் உட்பிரிவு ஆகவில்லை என்றால் புலப்படத்தில் உங்கள் மனை தனியாகத் தெரியாது. அப்போது அங்கீகரிக்கப்பட்ட லேஅவுட் வரைபடத்தோடு ஒப்பிட வேண்டும்.

அரை அடிக்குள் வித்தியாசம் வந்தால் மறுபடி ஒரு தடவை அளந்து பாருங்கள், பெரும்பாலும் கல் சாய்ந்திருக்கும். அதற்கு மேல் போனாலோ, ஒரு மூலையில் கல்லே இல்லாமல் இருந்தாலோ, அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் விற்கிறவர் பெயரிலேயே நில அளவைக்கு விண்ணப்பம் போடச் சொல்லுங்கள். இணையத்திலோ இ-சேவை மையத்திலோ கட்டணம் கட்டலாம். சர்வேயர் வரும் நாளில் பக்கத்து நிலத்துக்காரர்களும் இருப்பது நல்லது. நீங்கள் எடுத்த ஆறு அளவையும், நாலு பக்கம் இரண்டு மூலைவிட்டம், ஒரே தாளில் படமாக வரைந்து கையில் வைத்திருங்கள். கல் நட்டு முடிந்ததும் அதே ஆறையும் அவர் முன்னாலேயே இன்னொரு தடவை பிடித்து, கிரையப் பத்திரத்தில் மூலைவிட்ட அளவையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். எழுத்தர் வழக்கமில்லை என்பார். ஒரு வரிதான், எழுதச் சொல்லுங்கள்.